சரக்கு இங்கே, கேள்வி அங்கே

வேதியியலில் முனைவர் பட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பல்கலைக்கழக வாசலிலிருந்துதான் தொடங்குவார்கள். எந்த ஆண்டில் துறை திறந்தது, முதல் பேராசிரியர் யார், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று கதை போகும். பல்கலைக்கழகமே இல்லாத ஓர் ஊரில் நின்று அதே வரலாற்றைப் பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது. மலேசியாவின் ஜொகூர் பாருவை ஒட்டி, ஓடும் ஆற்றின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்ட தெப்ராவ் அப்படி ஓர் ஊர். முதலில் காம்பியர், பிறகு ரப்பர், அதற்கும் பிறகு தொழிற்பேட்டை என்று மூன்று பிழைப்புகளை அது கண்டிருக்கிறது. மூன்றுமே வேதியியலை நம்பிய பிழைப்புகள். ஆனால் அந்த வேதியியலைப் பற்றிக் கேள்வி கேட்டுப் பட்டம் பெற்றவர்கள் நெடுங்காலம் கடல்களுக்கு அப்பால் இருந்தார்கள். சரக்கு ஓரிடத்தில் விளைய, அதைப் பற்றிய கேள்வி வேறிடத்தில் பிறந்த அந்த இடைவெளிதான் இங்கே டாக்டர் பட்டத்தின் உண்மையான வரலாறு. அந்த இடைவெளி குறைந்தது இங்கிருந்தவர்களுக்குத் திடீரென்று அறிவு வந்ததால் அல்ல; ஒரு பொருளைக் கெடுத்துப் பார்க்க அனுமதி தரும் நிறுவனங்கள் வந்ததால்.

முதலில் காம்பியர். 1844இல் தான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றங்கரையில் தம் ஆட்களோடு குடியேறினார். கங்கார் தெப்ராவ் அப்படித் தோன்றியது. ஆற்றோரம் நிலம் கொடுத்து, அதைத் திருத்தும் பொறுப்பையும் ஊரை ஆளும் உரிமையையும் ஒரு சீனத் தலைவரிடம் விடும் கங்சு முறையில்தான் ஜொகூரின் பெரும்பகுதி காடு அழிந்து தோட்டமானது. அங்கே மிளகோடு சேர்த்துப் பயிரிடப்பட்ட காம்பியர், நம் வெற்றிலைத் தட்டில் இருக்கும் காசுக்கட்டிக்கு உறவுக்காரப் பொருள். இலையையும் இளந்தண்டையும் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். சாறு சுண்டியதும் ஆறவிட்டுக் கிளறினால் களிமண் பதத்துக்கு உறையும். அதைக் கட்டிகளாக வெட்டிக் காயவைப்பார்கள். சக்கை மிளகுக் கொடிக்கு உரம். எவ்வளவு நேரம் கொதிக்கவேண்டும், எப்போது கிளறினால் உறையும் என்பதெல்லாம் அடுப்பங்கரையில் நின்றவருக்குக் கைப்பழக்கம். தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் வேண்டிய சரக்காக அந்தக் கட்டிகள் சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறின.

அந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எழுந்தது. தோல் தொழிலுக்கென்றே தனித்துறை வைத்திருந்த கல்லூரி அங்கே இருந்தது. செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்த வில்லியம் பெர்க்கினின் மகன் ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின் அங்கே வேலை செய்தார். காம்பியரிலும் காசுக்கட்டியிலும் உள்ள கட்டெச்சின் என்ற பொருளைப் பற்றி 1902இல் அவரும் உடன் ஆய்வாளர் ஒருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். 1920களில் ஜெர்மனியின் கார்ல் ஃபிராய்டன்பெர்க் அதன் கட்டமைப்பைத் தெளிவாக்கும் பணியில் நெடுங்காலம் ஈடுபட்டார். அதற்குள் ஜொகூரின் காம்பியர் தோட்டங்கள் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தன. கொப்பரைக்கு விறகாகவே காடு கரைந்தது, மண்ணும் களைத்தது, ரப்பர் வந்து நிலத்தைப் பிடித்தது. காம்பியர் விளைந்த மண்ணுக்கு அதன் வேதியியல் தெரிந்தபோது அங்கே காம்பியரே இல்லை.

டாக்டர் பட்டம் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் இந்தத் தாமதம் புரியும். 1824இல் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்ற யூஸ்டஸ் லீபிக், மாணவர்களை ஆய்வகத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு கேள்வியைக் கொடுத்து, விடை கிடைக்கும்வரை உழைக்க வைத்தார். படித்ததை ஒப்பிக்கும் தேர்வின் இடத்தை, யாரும் அறியாத ஒன்றைக் கண்டு சொல்லும் ஆய்வேடு பிடித்தது. இங்கிலாந்தில் அந்த முறை வேரூன்ற வெகுநாள் ஆயிற்று. ஜெர்மனிக்குப் போகும் அமெரிக்க, குடியேற்ற நாட்டு மாணவர்களை ஈர்க்கும் நோக்கமும் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு 1917இல்தான் டாக்டர் பட்டத்தை ஏற்படுத்தியது. அதே 1917இல்தான் ஜொகூர் அரசு கங்சு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் தெப்ராவில் ஒரு தொழில் யுகம் முடிந்து அடுத்தது ஆரம்பமான வேளையில், அந்த நாட்டை ஆண்டவர்களின் பல்கலைக்கழகங்களே ஆய்வுப் பட்டம் என்பதை அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்தன என்பதை இந்த ஆண்டு காட்டுகிறது. ஆகவே எல்லாப் பழியையும் காலனியத்தின் தலையில் கட்டிவிட முடியாது. பழி சொல்லவேண்டுமானால் அடுத்த முப்பது ஆண்டுகளைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

அந்த முப்பது ஆண்டுகள் ரப்பருடையவை. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் நாற்றுகள் அடுத்த ஆண்டே சிங்கப்பூர் வந்தன. 1920இல் உலகின் ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. தெப்ராவ் தோட்டம், மவுண்ட் ஆஸ்டின் தோட்டம் என்று இந்தப் பகுதியும் கித்தாக் காடானது. லயங்கள் என்ற வரிசைக் குடியிருப்புகளில் தமிழர்கள் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, பிறகு மரம் மரமாகப் பால்வெட்டு, மங்கு என்ற கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பாலைப் பதப்படுத்தும் ஸ்டோருக்குச் சுமப்பது என்று அவர்கள் நாள் ஓடியது. ஸ்டோரில் நடந்ததோ முழுக்க முழுக்க வேதியியல். மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்களவே ரப்பர். அது திரிந்துவிடாமல் இருக்க அம்மோனியா சேர்க்கவேண்டும். அடர்த்தியை அளந்து, தண்ணீர் கலந்து பதப்படுத்தி, ஃபார்மிக் அமிலமோ அசெட்டிக் அமிலமோ அளவாக ஊற்றவேண்டும். பால்துளிகளைச் சுற்றியுள்ள புரதப் போர்வையின் மின்சுமையை அமிலம் நீக்கிவிட, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கூடினால் ஷீட் கெடும், குறைந்தால் உறையாது. அந்த ஷீட்டை உருளையில் அழுத்திப் புகைக்கூண்டில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள்.

இதைப் போய் வேதியியல் என்பதா என்று ஒருவர் கேட்கலாம். அமிலத்தை ஊற்றுகிறவருக்குப் புரதத்தின் மின்சுமை தெரியாது. சொல்லிக்கொடுத்தபடி செய்வது சமையல், ஆராய்ச்சி ஆகாது. இந்த வாதத்தில் பாதி சரி. ஏன் உறைகிறது என்ற கேள்விக்கு ஸ்டோரில் விடை இல்லை. ஆனால் 1920 வரை ஐரோப்பாவிலும் ரப்பர் என்றால் என்ன என்பதில் கருத்தொற்றுமை கிடையாது. சிறு வளையங்கள் ஏதோ ஒரு விசையால் கூடி நிற்பதுதான் ரப்பர் என்று கீல் நகரின் கார்ல் ஹாரிஸ் கருதினார். அது நீண்ட சங்கிலி மூலக்கூறு என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் எழுதியபோது பலரும் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு வந்தது 1953இல்தான். ஆகவே ஸ்டோர்க்காரரையும் ஆய்வாளரையும் பிரித்தது விடை தெரிந்திருப்பது மட்டும் அல்ல. அளவை மாற்றிப் பார்க்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. அமிலத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகும், இரட்டித்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் பால் வீணாகவேண்டும். ஸ்டோரில் கெட்ட பால் நட்டம். அதற்குக் கிராணியிடமும் துரையிடமும் பதில் சொல்லவேண்டும். ஆய்வகத்தில் கெட்ட பால் ஒரு தரவு. அதைக் குறிப்பேட்டில் எழுதிக் கீழே கையெழுத்துப் போடலாம். முனைவர் பட்டம் என்பதன் சாரம் இந்த உரிமையில்தான் இருக்கிறது: மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் கெடுத்து, கெட்ட காரணத்தைச் சொந்தப் பெயரில் எழுதுவதற்கு ஒரு நிறுவனம் தரும் அனுமதி அது.

அந்த அனுமதி மலாயாவுக்குள் நுழைந்தது பல்கலைக்கழகத்தின் வழியாக அல்ல. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் வேளாண்மைத் துறையில் வேதியியலாளராக இருந்த பி. ஜே. ஈட்டன் முதலானோர் தோட்ட ரப்பரைத் தயாரிப்பதையும் கந்தகமேற்றிப் பதப்படுத்துவதையும் பற்றி விரிவான ஆய்வறிக்கையை 1918இல் வெளியிட்டார்கள். 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவானது. அதன் செலவு ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த தீர்வையிலிருந்து வந்தது. தெப்ராவில் ஒருவர் வெட்டிய பாலின் விலையில் ஒரு துளி கோலாலம்பூர் ஆய்வகத்தின் சோதனைக் குழாய்க்குப் போனது என்று சொன்னால் அது அணியல்ல, கணக்கு. ஆனால் அந்த ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் தங்கள் பட்டங்களை வெளிநாட்டில் வாங்கி வந்தவர்கள். 1928இல் தொடங்கிய சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரி டிப்ளோமாவோடு நின்றது. 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை மலாயாவில் பட்டம் வழங்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை. ஆராய்ச்சி இருந்தது, ஆராய்ச்சியாளரை உருவாக்கும் ஏற்பாடு இல்லை. உலகின் பாதி ரப்பரைக் கொடுத்த நாட்டில் ரப்பரைப் பற்றி ஆய்வேடு எழுத ஓர் இடம் இல்லை என்ற நிலைக்குப் பஞ்சமோ போரோ காரணமில்லை. அது ஆட்சியாளர்கள் எடுத்த முடிவின் விளைவு. தோட்டத்துக்குக் கூலியாள் தேவை, அலுவலகத்துக்குக் கிராணி தேவை, ஆய்வாளரைக் கப்பலில் வரவழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த முடிவு.

அனுமதி அருகில் வந்ததும் என்ன நடந்தது என்பதற்கு பி. சி. சேகர் சான்று. மலையாளக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் 1929இல் பிறந்தது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ பரிசோதனைத் தோட்டத்தில். 1949இல் அதே கழகத்தின் வேதியியல் பிரிவில் சேர்ந்தார். சேமித்து வைத்த ரப்பர் நாளாக நாளாக இறுகிப்போவதைத் தோட்டக்காரரும் ஆலைக்காரரும் அறிவார்கள். சேகர் அதற்குக் காரணம் தேடினார். ரப்பர் சங்கிலியில் இருக்கும் சில ஆல்டிஹைடு தொகுதிகள் ஒன்றையொன்று பிணைப்பதால் இறுக்கம் வருகிறது என்று கண்டு, ஹைட்ராக்சில் அமீனைச் சிறிதளவு சேர்த்து அதைத் தடுத்தார். இறுகாத அந்த ரப்பர் பின்னர் வணிகச் சரக்கானது. 1965இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் அறிமுகமானது. அதுவரை ஷீட்டைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, நிறத்தையும் குமிழியையும் வைத்துத் தரம் சொல்லும் அதிகாரம் வாங்குபவரிடம் இருந்தது. புதிய திட்டத்தில் அழுக்கு, சாம்பல், நைட்ரஜன் ஆகியவற்றின் அளவை ஆய்வகம் அளந்து தரச் சான்று கொடுத்தது. சந்தையில் இருந்த பேச்சு வலிமையில் ஒரு பகுதி விளைவிப்பவர் பக்கம் வந்தது. 1966இல் சேகர் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார். 1973இல் மகசேசே விருது பெற்றார். ஒருவரை வைத்து விதி வகுக்கக் கூடாது என்பது நியாயமான எச்சரிக்கை. ஆனால் அவர் தோட்டச் சூழலில் வளர்ந்தும் ஆய்வாளரானதில் ஒரு குறிப்பு உண்டு. அவர் பிறந்த தோட்டம் பரிசோதனைத் தோட்டம். அங்கே மரத்தையும் பாலையும் கேள்வி கேட்பதே தொழில். தெப்ராவின் தோட்டங்களில் அதே மரம், அதே பால் இருந்தன; கேள்வி கேட்பவர்தான் இல்லை.

இன்னொரு மறுப்பையும் எதிர்கொள்ளவேண்டும். தோட்டத் தமிழர்கள் உயர்கல்விக்கு வராததற்கு வறுமையும் அக்கறையின்மையுமே காரணம், நிறுவனங்களைக் குறைசொல்லிப் பயனில்லை என்பார்கள். மலாயாவின் பால்மரங்களுக்கு நடுவே தமிழ்ப் பிள்ளைகள் எழுத்துக் கற்ற அதே காலத்தில், குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் தில்லியிலும் தாவர வேதியியலுக்கு ஒரு பள்ளியையே கட்டினார். காம்பியரின் கட்டெச்சின் சேர்ந்த ஃபிளேவனாய்டு குடும்பம்தான் அவருடைய களம். டி. ஆர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் ஆய்வகத்திலேயே ஆய்வு செய்து சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். அதுவும் ஆங்கிலேயர் ஆட்சிதான். சென்னைக்கு 1857 முதல் பல்கலைக்கழகம் இருந்தது, மலாயாவுக்கு 1949 வரை இல்லை என்பது வேறுபாட்டின் ஒரு பாதி. மறு பாதியை மறைக்கக் கூடாது. சென்னையின் ஆய்வகங்களை எட்டியவர்கள் பெரும்பாலும் தலைமுறைகளாகக் கல்வியைக் கைவசம் வைத்திருந்த சாதிகளைச் சேர்ந்தவர்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கதவு தமிழகத்திலேயே சாத்தப்பட்டிருந்த மக்கள். ஆகவே லயத்துப் பிள்ளையின் முன் இரண்டு பூட்டுகள் இருந்தன: ஒன்று ஊரிலிருந்தே கூட வந்தது, மற்றது இங்கே போடப்பட்டது.

இங்கே போடப்பட்ட பூட்டு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் எல்லை. தோட்ட முதலாளிகள் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூட்டாட்சி மாநிலங்களில் கட்டாயமாக்கியது. ஆனால் பள்ளி ஆரம்பக் கல்வியோடு முடிந்தது. அதன் மறுமுனை இடைநிலைப்பள்ளியின் வாசலாக இருக்கவில்லை. பெரும்பாலும் பால்வாளியாகத்தான் இருந்தது. விடுதலைக்குப் பிறகும் தமிழ்ப்பள்ளி ஆரம்பப்பள்ளியாகவே நின்றது. ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை, பலநேரம் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி பழகியபின், இடைநிலைக் கல்வியைத் தொடர்கிறது. 1970களில் தொடங்கி அந்தக் கல்வி மலாய் மொழிக்கு மாறியது. ஆய்வு நிலைக்கு வந்தால் படிக்கவேண்டிய இதழ்கள் ஆங்கிலத்தில். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, சில ஆண்டுகளில் அந்த முடிவும் திரும்பப் பெறப்பட்டது. 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக இடங்களில் இன ஒதுக்கீடு வந்தது. 2002இல் அதற்குப் பதிலாகத் தகுதி முறை அறிவிக்கப்பட்டது. இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் சிலர் நின்றுவிடுவார்கள். மேலே எட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதோடு எந்தப் படியில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள் என்றும் கேட்டால்தான் அக்கறையின்மை என்ற குற்றச்சாட்டைச் சரியாக எடைபோட முடியும்.

தெப்ராவைப் பொறுத்தவரை தூரம் உண்மையிலேயே சுருங்கியது 1985இல். 1904இல் கோலாலம்பூரில் தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கி, 1946இல் கல்லூரியாகி, 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும் 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்த நிறுவனம் தன் முதன்மை வளாகத்தை ஸ்கூடாயில் அமைத்தது. தெப்ராவும் ஸ்கூடாயும் ஒரே ஜொகூர் பாரு மாவட்டத்தில் இருக்கின்றன. 2010இல் அது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஒரு காலத்தில் லீட்ஸில் நடந்த வேலை, வீட்டிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பக்கூடிய தொலைவுக்கு வந்துவிட்டது. அதே பத்தாண்டுகளில் தெப்ராவின் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் பேரங்காடிகளாகவும் மாறின. மவுண்ட் ஆஸ்டின் இன்று ஒரு குடியிருப்பின் பெயர். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைகளில் வேலைக்குப் போனார்கள். சிலர் பல்கலைக்கழகத்துக்கும் போனார்கள். ஆய்வுத் திட்டத்தை முன்வைத்து வாதிடுவது, பழுதாகும் கருவிக்காகக் காத்திருப்பது, வரவேண்டிய விளைவு வராத மாதங்கள், இறுதியில் வெளித் தேர்வாளர் முன் வாய்மொழித் தேர்வு என்று நீளும் பாதை அவர்களுக்கும் திறந்தது.

பாதை திறந்ததோடு வரலாறு முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். 2023க்குள் 60,000 முனைவர்களை உருவாக்குவது என்று மலேசியா இலக்கு வைத்து, மைபிரெய்ன்15 என்ற உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பட்டம் பெற்றவர் பெருகுவது நல்லதுதான். ஆனால் சரக்கும் கேள்வியும் ஒன்றுசேர்ந்தனவா என்பதை அந்த எண் சொல்லாது. 2019 மார்ச்சில் தெப்ராவுக்குக் கிழக்கே பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. என்ன கொட்டப்பட்டது, எது ஆவியாகிறது, எது மண்ணில் தங்குகிறது, எத்தனை ஆண்டு தங்கும் என்ற கேள்விகள் அத்தனையும் வேதியியல். காம்பியர் கொப்பரைக்கும் ரப்பர் ஸ்டோருக்கும் அடுத்து இந்த வட்டாரத்துக்கு வாய்த்த மூன்றாவது சரக்கு ஆலைக் கழிவு என்று சொன்னால் கசப்பாக இருக்கும், பொய்யாக இருக்காது.

அறிவியலுக்கு ஊர் ஏது, தெப்ராவில் பிறந்தவர் ஏன் தெப்ராவின் சேற்றையே ஆராயவேண்டும், அவர் புற்றுநோய் மருந்தையோ சூரிய மின்கலத்தையோ ஆராய்ந்தால் என்ன குறை என்ற மறுப்பு இங்கே எழும். எந்த ஆய்வாளரையும் அவர் பிறந்த ஊரோடு கட்டிப்போடுவது அநியாயம். அப்படிச் செய்தால் தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேறக் கூடாது என்ற பழைய விதியைத்தான் புதுப் பெயரில் எழுதுகிறோம். ஆனால் பொறுப்பு தனிநபருக்கு அல்ல, நிறுவனத்துக்கு. வேதியியலின் விதிகள் எங்கும் ஒன்றுதான். எந்தக் கேள்விக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் வேறு. லீட்ஸ் காம்பியரை ஆராய்ந்தது அங்கே தோல் தொழில் இருந்ததால். ரப்பர் ஏன் இறுகுகிறது என்று கேட்கப்பட்டது ரப்பர் தீர்வை அந்தக் கேள்விக்குச் செலவு செய்ததால். எந்த ஆய்வுத் தலைப்பும் வெற்றிடத்திலிருந்து விழுவதில்லை. சொந்த ஆற்றையும் காற்றையும் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பணமும் கருவியும் காலமும் ஒதுக்கப்படாவிட்டால், அவற்றை வேறு யாரும் நமக்காகக் கேட்டுத் தரப்போவதில்லை.

ஆகவே முனைவர் பட்டத்தின் வரலாற்றை எண்ணிக்கையால் அளப்பதைவிட, கேள்வியை நிர்ணயிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதால் அளப்பதே பொருத்தம். அந்த அளவுகோலில் தெப்ராவின் கடந்தகாலம் தெளிவாகவே தெரிகிறது: காம்பியர் காலத்தில் கேள்வி முழுக்க வெளியே, ரப்பர் காலத்தில் கேள்வி நாட்டுக்குள் வந்தது, தோட்டத்தின் உள்ளே வரவில்லை, இன்று கேள்வி கேட்கும் இடம் பக்கத்து ஊரில் இருக்கிறது. மிச்சமிருக்கும் வேலை இரண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து அந்த ஆய்வகம் வரையுள்ள படிகளில் பிள்ளைகள் எங்கே உதிர்கிறார்கள் என்று கண்டு அந்தப் படியைச் சரிசெய்வது ஒன்று. இந்த வட்டாரத்தின் ஆலைகள் கட்டும் வரியிலும் கட்டணத்திலும் ஒரு பங்கை, 1925இல் ரப்பருக்குச் செய்தது போலவே, இந்த வட்டாரத்தின் ஆற்றையும் காற்றையும் ஆராயும் மாணவர்களுக்கு ஒதுக்குவது மற்றொன்று. ரப்பர் தீர்வை அதற்கு முன்மாதிரி. அது நடைமுறையில் பலன் தந்ததற்கு 1965இன் தரத் திட்டம் சாட்சி. அன்று அந்தப் பணத்துக்கு உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் இடம் இருக்கவில்லை. இரண்டாம் முறை செய்யும்போது அந்தக் குறையையும் சேர்த்துத் திருத்தினால்தான் தீர்வை முழுமையாகத் தீர்ந்ததாகும்.